பின்விளக்கின் ரப்பருக்கு அடியில்

1

சனிக்கிழமை காலை, ஒரு பழைய மஞ்சள் காரின் இடது பின்விளக்கைக் கழற்றியபோது, என் மகள் வாழப்போகும் வீட்டில் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கழற்றிய திருகுகளை, எந்த ஓட்டையிலிருந்து எது வந்தது என்ற வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்திருந்தேன். அதே வரிசையில் திரும்பப் பூட்டினேன். சந்தேகம் உறுதிப்படும்போது எனக்குப் பதற்றம் வருவதில்லை. ஒருவித நிம்மதிதான் வரும்.

இந்த நாட்டில் வந்து இறங்கிய தேதியில் ஆண்டுதோறும் ஏதாவது எழுதி ஊருக்கு அனுப்புவது என் வழக்கம். போன ஆண்டு வாசலில் பனி அள்ளுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, எங்கள் பக்கத்துக் கிராமமான செங்கலிலிருந்து ஒருவர், "இதற்கா அமெரிக்கா போனீர்கள்?" என்று கேட்டிருந்தார். இந்த ஆண்டு அந்தத் தேதி வந்த வாரத்தில்தான் இந்த விளக்கு விவகாரம் நடந்தது. அதனால் இதையே எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: எனக்குச் சொந்த ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்துப் பாறசாலையை அடுத்த கொல்லயில் என்ற கிராமம். நெய்யாற்றின்கரையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றேன். பிறகு வளைகுடாவில் அதே வேலை. மனைவி லதா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவின் பின்னால் நானும் மகள் அர்ச்சனாவும் வந்தோம். அப்போது அர்ச்சனா பாலர் பள்ளிக் குழந்தை.

நான் சந்தேகக்காரன் என்று லதா சொல்வாள். எல்லையில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்? சைக்கிளை மிதித்துக் களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் நான் மலையாளத்தான். திரும்பிக் கேரளத்துப் பக்கம் வந்தால் பாண்டி; தமிழனுக்கு அங்கே அதுதான் பெயர். எந்தப் பக்கம் போனாலும் நாம் சொல்வதை எதிரில் நிற்பவர் அரை மனதோடு கேட்கிறார் என்று தெரிந்தே வளர்ந்தோம். நாமும் பிறர் சொல்வதை அப்படித்தான் கேட்போம்.

இங்கே வந்தும் அது விடவில்லை. அர்ச்சனாவைப் பள்ளியில் சேர்க்கும்போது, சொந்த மாநிலம் கேரளம், வீட்டு மொழி தமிழ் என்று எழுதிக்கொடுத்தேன். அலுவலகப் பெண் கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்று தவறாக இருக்கும், சரிபாருங்கள் என்று தாளைத் திருப்பித் தந்தாள். பொங்கலுக்குத் தமிழர்கள் கூடும் இடத்தில் என் பேச்சைக் கேட்டு, "சேட்டா" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ஓணத்துக்கு மலையாளிகள் கூடும் இடத்தில், பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் போனதும் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றுவார்கள்.

பழைய கார்களைச் சீரமைக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் அடிக்கடி, "எனக்கு ஒரு டவுட்" என்பேன். ஊரில் கேள்வி கேட்குமுன் எல்லோரும் சொல்வதுதானே. அவர் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் என்ன சொன்னாலும் உனக்கு ஏன் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அவர் புரிந்துகொண்டதும் தவறில்லை.

3

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் தலைமுறை பிறந்த காலத்தையொட்டி இங்கே ஒருவகைக் கார் செய்தார்கள். நடுத்தர உடம்பில் ராட்சச எஞ்சின். மசில் கார் என்று பெயர். அன்றைக்கு இளவட்டங்கள் வாங்கி ஓட்டி நொறுக்கினார்கள். அதே ஆட்கள் இன்று தாத்தாக்கள் ஆகி, துருப்பிடித்த கூடுகளைத் தேடிப் பிடித்துப் பழையபடி ஆக்குகிறார்கள். பழையபடி என்றால் புதுசுபோல என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படி.

நெய்யாற்றின்கரையில் எங்கள் முதலாளிக்குக் கல்யாணக் கார் என்றால் கதவில் முகம் தெரிய வேண்டும். மீசையைக் கதவில் பார்த்து முறுக்கிக்கொண்டுதான் காரை வெளியே விடுவார். அந்தக் கையோடு இங்கே நான் செய்த முதல் காரைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். பழைய கார்களுக்கான கண்காட்சியில் நடுவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மிக அழகு" என்றார். மதிப்பெண்ணை வெட்டினார்.

"நீ இதை அழகாக்கிட்டே. அதுதான் பிரச்சினை," என்றார் இந்த ஊர் முதலாளி.

அந்தக் காலத் தொழிற்சாலையில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடிப்பவருக்கு நின்று ரசிக்க நேரம் கிடையாது. அதனால் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். கதவின் அடிப்பக்கம் பூச்சு மெலிந்திருக்கும். ஏதாவது ஒரு மூலையில் பெயின்ட் வழிந்து கண்ணீர்போல உறைந்திருக்கும். வண்டியின் அடிவயிற்றில் செங்காவி முதல்பூச்சின்மேல் மேல்நிறம் தூவானமாகப் படிந்திருக்கும். இந்தக் குறைகளையெல்லாம் அளந்து, அதே இடத்தில் அதே அளவில் திரும்ப வைப்பதுதான் என் வேலை. ஒரு வழிசலை இயல்பாகத் தோன்றும்படி வழியவிட நான் பழகியதுபோல் வேறு எதையும் பழகியதில்லை.

இதையெல்லாம்விட உயர்ந்த சாதி ஒன்று உண்டு: திரும்பப் பெயின்டே அடிக்காத கார். தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருப்பது. கண்காட்சியில் அதற்குத் தனி வரிசை. உரிமையாளர் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். நடுவர்கள் டார்ச்சும் சிறு கண்ணாடியுமாக அடியில் படுத்துப் பார்ப்பார்கள். பொய் என்று கண்டால் அத்தனை பேர் முன்னால் காரை வரிசையிலிருந்து வெளியே தள்ளச் சொல்வார்கள். ஒருமுறை பார்த்திருக்கிறேன். வயதான மனிதர் ஒருவர் தன் காரைத் தானே தள்ளிக்கொண்டு போனார். யாரும் கை கொடுக்கவில்லை.

இப்படியே வருடங்கள் போனதில், எங்கே குறையே இல்லையோ அங்கே என் கண் நின்றுவிடுகிறது.

4

அர்ச்சனா ஒரு நாள் போனில் படம் அனுப்பினாள். அவளும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் ஏரிக்கரையில். பெயர் ஈத்தன். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்பா" என்று எழுதியிருந்தாள். பண்ணிக்கொள்ளட்டுமா என்று எழுதவில்லை. அவள் எங்களைவிட்டு விலகியது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு வேறு ஊரில் வேலை. பிறகு ஞாயிற்றுக்கிழமை போன். பிறகு படம்.

பையன் வீட்டுக்கு வந்தான். கையால் சோறு பிசைந்து சாப்பிட்டான். மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். லதா உருகிவிட்டாள். நான் ஆரஞ்சுத் தோலைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு வழிசல்கூட இல்லையே!

ஊராக இருந்தால் என் பெரியப்பா மகன் சுகுமாரன் அண்ணனை அனுப்பியிருப்பேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் ரகசியமாக விசாரிக்கப் போவது அவர்தான். பூவாறில் ஒரு பையனைப் பற்றி விசாரிக்க, ரிசார்ட் கட்ட நிலம் தேடுபவர்போலப் போனார். பையனின் அப்பாவே வந்து, இளநீர் வெட்டிக்கொடுத்து, வெயிலில் ஆறு கடலில் சேரும் பொழிமுகம்வரை நடத்திக்கொண்டுபோய் நிலம் காட்டினார். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. "அன்னியனுக்காக இவ்வளவு தூரம் நடந்த மனுஷன். பொண்ணைக் குடுக்கலாம்" என்று வந்து சொன்னார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த அண்ணனைச் சம்பந்தி பார்த்துவிட்டார். "நீங்க அந்த ரிசார்ட்டுக்காரருல்லா?" என்று கேட்க, அண்ணன் வாளியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார்.

அவரை அழைத்தேன்.

"எலே மக்கா, பையன் எப்பிடி?"

"நல்லவன்போலத் தெரியுது அண்ணே."

"போலயா? போலன்னு செல்லுகதுக்கு எதுக்குலே அப்பன்? அவனுக்க வீட்டுப் பக்கத்துல சாயா குடிச்சிட்டு விசாரிக்க ஒரு சாயக்கடை உண்டா?"

"இங்க ஏது சாயக்கடை? பக்கத்து வீட்டுக்காரனுக்கே அவனுக்க பேரு தெரியாது."

"அப்பம் பின்ன எப்பிடித்தான் கல்யாணம் நடக்குவு அங்க? கண்ணை மூடிட்டுக் கிணத்துல சாடுகதா?" என்றார் அண்ணன். "தகப்பன்காரன் உண்டுல்லா? அவனுக்கு எதுமேல பிரியம்னு பாரு. அது வழியாப் போ."

ஈத்தனின் அப்பா வால்ட்டர். மனைவியை இழந்தவர். அவருக்குப் பிரியமானது ஒரே ஒரு பொருள்: முதல் சம்பளக் காலத்தில் புதிதாக வாங்கிய மஞ்சள் மசில் கார். வாங்கிய நாளிலிருந்து பெயின்ட் அடித்ததில்லை, இந்த முறை தனி வரிசையில் நிறுத்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் தொழில் தெரிந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் சரி என்றேன்.

கிளம்பும்போது லதா வாசலில் நின்றாள். "காரைப் பாக்கப் போறியளா, ஆளைப் பாக்கப் போறியளா?"

"கார்தான்" என்றேன்.

"டார்ச்சு ரெண்டு எடுத்திருக்கியளே" என்றாள்.

5

கார் உண்மையிலேயே அருமை. கதவின் அடியில் பூச்சு மெலிந்திருந்தது. டிக்கிக்குள் அவசரத் தூவல். முன்சக்கரத்துக்கு மேலே ஒரு வழிசல், யாரும் திட்டமிட்டு வைக்க முடியாத கோணத்தில். பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. இடது பின்மூலையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் காட்டியது. தொழிற்சாலையிலும் அப்படி நேர்வதுண்டு. ஆனாலும் மனம் கேட்கவில்லை. விளக்கைக் கழற்றலாமா என்று கேட்டேன். "தாராளமா" என்றார் வால்ட்டர். காபி எடுத்துவர உள்ளே போனார். கூட நின்ற ஈத்தன் போகவில்லை.

தொழிற்சாலையில் வெறும் கூட்டுக்குத்தான் பெயின்ட் அடிப்பார்கள். விளக்கும் ரப்பரும் பிறகுதான் வரும். அதனால் ரப்பருக்கு அடியிலும் பெயின்ட் தடையில்லாமல் ஓடியிருக்க வேண்டும். இங்கே ரப்பர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய படி. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. விளக்கைக் கழற்றாமல், ரப்பரின் உதட்டைத் தூக்கி டேப் ஒட்டி, மறைத்து அடித்திருக்கிறார்கள். அடித்தவன் தேர்ந்த கைக்காரன். ஆரஞ்சுத் தோல்கூட அச்சாக அப்படியே. ஆனால் டேப்பின் விளிம்பை யாராலும் அழிக்க முடியாது.

நிமிர்ந்து பார்த்தேன். ஈத்தனின் காது சிவந்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வால்ட்டர் காபியோடு வந்தார். "எப்படி?"

"இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்றேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அப்பாவுக்குத் தெரியும் என்றால் அவர் ஏமாற்றுக்காரர். என்னிடம் சான்று வாங்கப் பார்த்திருக்கிறார். தெரியாது என்றால் பையன், சொந்த அப்பாவிடமே வருடக்கணக்கில் மறைத்தவன். இரண்டில் எதுவானாலும் என் மகள் அந்த வீட்டுக்குப் போகிறாள். வால்ட்டர் கண்காட்சி மைதானத்தில் தன் காரைத் தானே தள்ளிக்கொண்டு போகும் காட்சியும் நடுநடுவே வந்தது.

சுகுமாரன் அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"வெளக்கைக் கழத்தினப்பம் ஆருக்க மொகம் மாறிச்சு?"

"பையனுக்க மொகம்."

"அப்பம் தகப்பனுக்குத் தெரியாதாக்கும். பையனைப் பிடி. நேராக் கேளு. நீ சுத்தி வளைச்சுக் கேட்டா அவனுக்குக் கதை கட்ட நேரம் கிடைக்கும்."

6

பிடிக்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அவனே எங்கள் கடைக்கு வந்தான். சக பெயின்டர் ரமோன் அவனைப் பார்த்துத் தலையாட்டினான், ஏற்கெனவே பழக்கம்போல. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

"அது அம்மா" என்றான். "அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மா எனக்காகக் காரை எடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் அதில் போகணும்னு நான்தான் கெஞ்சினேன். திரும்பி வந்து பின்னால் எடுக்கும்போது கராஜ் தூணில் உரசிடுச்சு. கார் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோனோம். அப்பா வர்றதுக்குள்ள முடிச்சுக் கொடுத்தார். அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. அடுத்த வருஷம் இறந்துட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

நல்ல கதை. இறந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பதால் இன்னும் நல்ல கதை. நான் உடனே நம்பவில்லை.

"அந்தப் பெரியவர் அடித்ததில் உன் அம்மாவுக்குத் திருப்தியா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்லை!" என்றான். "சண்டை போட்டாங்க. இவ்வளவு காசு வாங்கிட்டுச் சொரசொரன்னு அடிச்சிருக்கீங்க, பளபளன்னு தேய்ச்சுக் கொடுங்கன்னு. அவர் மாட்டேன்னுட்டார். 'தேய்ச்சா உன் புருஷன் வாசல்லயே கண்டுபிடிச்சிடுவான்'னார். அம்மா கார்ல உக்காந்து வீடு வர்ற வரைக்கும் சிரிச்சாங்க."

இதைக் கற்பனை செய்ய முடியாது. எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவன் பொய் சொன்னால், பெயின்ட் பளபளவென்று வந்ததாகத்தான் சொல்வான்.

"அர்ச்சனாவுக்குத் தெரியுமா?"

"பழகின முதல் மாசமே சொன்னேன்."

அதாவது சனிக்கிழமை நான் இரண்டு டார்ச்சோடு கிளம்பியபோது என் மகளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

"அப்பா கையெழுத்துப் போடப்போகிறார்" என்றேன். "நான் கண்டதை நடுவரும் காண்பார். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க" என்றான்.

7

அன்று மாலையே போனோம். ஈத்தன் சுற்றி வளைக்காமல் சொன்னான். வால்ட்டர் காரின் பின்பக்கம் போய் நின்றார். "காட்டுங்க" என்றார் என்னிடம். விளக்கைக் கழற்றினேன். நகத்தை எங்கே வைக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"உன் அம்மா அழுதாளா?" என்று மகனிடம் கேட்டார்.

"இல்லப்பா. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சாங்க."

வால்ட்டர் கராஜ் தூணைத் திரும்பிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. நான் பயந்துபோனேன். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்தபடி. "இந்தக் கார்மேல வேற யார் விரலும் பட்டதில்லைன்னு அவ முன்னாலயே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! பக்கத்துல நின்னு தலையாட்டுவா."

தனி வரிசைக்குப் பெயர் கொடுக்கப்போவதில்லை என்றார். கார் மைதானத்துக்கு வரும். பார்வையாளர்கள் நிறுத்துமிடத்தில் நிற்கும். அந்த மூலையை யாரும் தொடக் கூடாது.

விளக்கைப் பூட்டி எழுந்தேன். வால்ட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க என் காரைப் பாக்க வந்தீங்களா, என் பையனைப் பாக்க வந்தீங்களா?"

பொய் சொல்ல அது இடமில்லை. "எங்கள் ஊரில் இது வழக்கம்" என்றேன். சாயக்கடை, சுகுமாரன் அண்ணன், சாம்பார் வாளி எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் விசாரிப்பாங்களா?"

"கட்டாயம் விசாரிப்பார்கள்."

"அப்ப நியாயம்" என்றபடி அவர் வெளியே நடந்தார். அங்கே என் கார் நின்றது. எட்டு வருடம் ஓடிய சாம்பல் நிறச் சாதாரணக் கார். வேடிக்கைக்குச் செய்கிறார் என்று நானும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். டிக்கியைத் திறந்தார். சுற்றியிருந்த ரப்பரைத் தூக்கி, நான் கற்றுக்கொடுத்தபடியே நகத்தை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். வலது விளக்குக்குப் பக்கத்தில் நகம் நின்றது.

"இது என்ன?" என்றார்.

குனிந்து பார்த்தேன். டேப்பின் விளிம்பு. அச்சான நிறம், அச்சான பூச்சு. அந்தக் கையை எனக்குத் தெரியும். தினமும் எனக்கு அடுத்த மேடையில் வேலை செய்யும் கை. ரமோன்.

இந்தக் காரைப் புதிதாக வாங்கியவன் நான். இதற்குப் பெயின்ட் அடித்ததே இல்லை என்று யார் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஈத்தனைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது.

8

வீட்டுக்கு வந்தபோது லதா அடுப்படியில் நின்றாள். கைகழுவி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்தேன். போன மழைக்காலத்தில் அர்ச்சனா வந்து ஒரு வாரம் தங்கியதும், அந்த வாரம் கார் வீட்டில் வேண்டும் என்று லதாவே என்னைப் பேருந்தில் வேலைக்கு அனுப்பியதும், இன்று மதியம் ஈத்தனைப் பார்த்து ரமோன் தலையாட்டியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"போன காரியம் என்னாச்சு? பையன் எப்பிடி?" என்று கேட்டாள்.

"பையன் கொள்ளாம், நல்லவன்தான். ரகசியம் காப்பான்" என்றேன். "கார்தான். பின்மூலையில் திரும்பப் பெயின்ட் அடிச்சிருக்கு."

கரண்டி நின்றது.

"எந்தக் காருல?" என்றாள் லதா, திரும்பாமல்.